அடி விழாத ஆட்டம்

மெதுவாக நடக்கும் எதையும் என்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது. கூத்தில் ராஜா வருவதற்கு முன்னால் கட்டியங்காரன் அரை மணி நேரம் பேசினால் எழுந்து போய்விடுவேன். என் கல்யாணத்தில் பண்டாரம் மந்திரத்தை இழுத்துக்கொண்டே போனபோது, "சீக்கிரம் ஆகட்டும்" என்று வாய்விட்டுச் சொன்னவன் நான். மாமனார் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு கடைசிவரை என்னோடு சரியாகப் பேசவில்லை.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், ஐயா, விசாரணையில் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இந்தக் குணத்தில்தான் இருக்கிறது. 1943 மே மாதம், கோலா சாவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் எஸ்டேட்டிலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்குப் பன்னிரண்டு பேரை ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். பட்டியல் என் கையெழுத்தில் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேரில் சன்னாசி ஒருவன் மட்டும் போன மாதம் திரும்பி வந்தான். எதை வைத்து இந்தப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கினாய் என்று நேற்று கேட்டீர்கள். குத்துச்சண்டையை வைத்து என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று காகிதம் கேட்டு வாங்கினேன். இந்தக் கணேசமூர்த்தி பதினெட்டு வருடம் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்தவன். என் எழுத்தில் இதுவரை யாரும் ஒரு அடித்தல் திருத்தல் கண்டதில்லை.

யுத்தத்துக்கு முன்னால் சிரம்பானில் ஒரு பெரிய குத்துச்சண்டை பார்த்தேன். மணிலாக்காரன் ஒருவனும் சீனன் ஒருவனும் மோதினார்கள். முதல் ரவுண்டிலேயே சீனனின் பல் ஒன்று பறந்து வந்து, முன்வரிசையில் இருந்த ஒரு செட்டியாரின் மடியில் விழுந்தது. செட்டியார் அதைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போனதாகக் கேள்வி. குத்துச்சண்டை என்றால் அது. பார்க்க வந்தவன் கையில் ஏதாவது ஒன்றோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

எங்கள் துரைக்கும் அந்த ஆசை உண்டு. ஜப்பான்காரன் வருகிறான் என்று தெரிந்ததும் துரை காரில் சிங்கப்பூருக்கு ஓடினார். ஓடும்போது இரண்டு ஜோடி கையுறை, ஒரு விசில், ஒரு நாய் ஆகியவற்றை என் பொறுப்பில் விட்டுப் போனார். நாயை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். மற்றவை என்னிடம் இருந்தன. ரந்தாவிலிருந்து வாரா வாரம் வந்து எஸ்டேட்டை மேற்பார்த்த ஜப்பான் அதிகாரிக்கு எங்கள் ஆட்கள் கட்டைமீசை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குத்துச்சண்டை நடத்த அவனிடம் அனுமதி கேட்டேன். பாகுஸ், பாகுஸ், நல்லது நல்லது என்று மலாயில் சொல்லிவிட்டு, தானும் பார்க்க வருவதாகச் சொன்னான்.

இடம் பெரட்டுக் களம். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவோமே, அந்த மைதானம்தான். நான்கு ரப்பர் மரக் கம்பத்தை நட்டு, கயிறு கட்டினேன். பெரட்டுக்கு அடிக்கும் தண்டவாளத் துண்டுதான் மணி. டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்த என் கைக்கடிகாரம்தான் ரவுண்டுக்குக் கணக்கு. நடுவரும் நான்தான். கையுறைக்குள் இருந்த பஞ்சு நைந்துபோனதும், என் மனைவி நீலாவதியின் தலையணையைப் பிரித்து அடைத்தேன். இந்த விளையாட்டுக்காக நான் செய்த தியாகங்களில் அதுவும் ஒன்று. தலையணை அவளுடையது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

நல்ல ஆட்டக்காரன் என்று சொன்னால் மாயாண்டிதான். ஸ்டோரில் ரப்பர் ஷீட் அழுத்தும் மெஷினைக் கையால் சுற்றுகிறவன். குறி பார்ப்பதெல்லாம் அவனிடம் கிடையாது. எதிராளி எந்தத் திசையில் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும், அடித்துவிடுவான். ஒரு தடவை கம்பத்தையே அடித்துக் கம்பம் சாய்ந்தது. ஜனங்கள் கம்பத்துக்காக உச்சுக்கொட்டினார்கள். அவன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

சன்னாசி பால்வெட்டுக்காரன். ஒல்லியான ஆள், அப்போது முப்பது வயது இருக்கும். மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டுவதில் எஸ்டேட்டிலேயே அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பட்டையை மட்டும் சீவி, உள்ளே கட்டையைத் தொடாமல் கத்தியை எடுத்துவிடுவான். துரை இருந்த காலத்தில், வெட்டினால் இப்படி வெட்ட வேண்டும் என்று அவன் நிரையில் இருந்த மரங்களைப் புது ஆட்களுக்குக் காட்டுவோம். அதெல்லாம் மரத்துக்குச் சரி. ஞாயிற்றுக்கிழமை ரிங்கிலும் வந்து அதே வேலையைச் செய்தால் பார்க்கிறவன் என்ன பாவம் செய்தான்?

அவன் ஆட்டத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வான். அடி வரும். அடி வந்து சேருகிற இடத்தில் அவன் இருக்க மாட்டான். ஓடவும் மாட்டான், எனக்கு அதுதான் எரிச்சல். ஓடினால் விசில் ஊதி, ஓடுகாலி என்று தோற்கடித்துவிடலாம். அவன் நின்ற இடத்திலேயே நிற்பான். தலை அரை அடி இப்படிப் போகும், தோள் கால் அடி அப்படிப் போகும், அவ்வளவுதான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஆறாவது ரவுண்டில் மாயாண்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பான். சன்னாசி பக்கத்தில் போய், பஸ்ஸில் 'கொஞ்சம் நகருங்க' என்று கேட்கிறவன் தொடுவதைப் போல, தோளில் ஒரு தட்டுத் தட்டுவான். மாயாண்டி அப்படியே உட்கார்ந்துவிடுவான். சட்டம் சட்டம்தானே. சன்னாசியின் கையைத் தூக்கிப் பிடித்து, இவன் ஜெயித்தான் என்று நானே என் வாயால் சொல்ல வேண்டும். ஏழு வாரம் அப்படிச் சொன்னேன்.

மூன்றாவது ரவுண்டுக்கெல்லாம் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள். இதில் கொஞ்சமும் மிகை இல்லை. பின்வரிசையில் தலைகள் சாய்வதை என் கண்ணால் பார்த்தேன். அரிசியைக் கண்ணில் பார்க்காமல், இரண்டு வேளையும் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றுவிட்டு ஆறு நாள் வேலை செய்தவர்கள் ஏழாம் நாள் உட்கார்ந்த இடத்தில் சாயத்தான் செய்வார்கள் என்றாள் நீலாவதி. மாயாண்டியும் வேறு ஒருவனும் ஆடியபோதும் தூங்கினார்களே என்றாள். அது வேறு தூக்கம். ஆட்டத்தைப் பார்த்துக் களைத்து வரும் தூக்கத்துக்கும், ஆட்டம் பிடிக்காமல் வரும் தூக்கத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?

என் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். ரந்தாவிலிருந்து சைக்கிளில் வந்து பொரித்த மரவள்ளி விற்கும் நாகூர் கனியைக் கேளுங்கள். அவன் வியாபாரி, பொய் சொல்ல அவனுக்குக் காரணம் இல்லை. அவன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாயாண்டி ஆடுனா ஜனங்க அள்ளி அள்ளி வாயில போட்டுக்கிட்டே இருக்காங்க, கிராணி ஐயா. சன்னாசி ஆடுனா வாயத் தொறந்தபடி அப்படியே ஒக்காந்துடுறாங்க. எதுவும் உள்ள போக மாட்டேங்குதுலா."

வாயைத் திறந்தது கொட்டாவிக்கு என்பது என் முடிவு.

ஆனால் களத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் உட்காரும். பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அவர்கள் தூங்குவதில்லை. கை தட்டுவதும் இல்லை. மாயாண்டியின் கை சன்னாசியின் காதை உரசிக்கொண்டு போகும்போது எல்லாரும் ஒன்றாக 'ஸ்' என்று மூச்சை இழுப்பார்கள். பிறகு விடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் எழுந்து, இன்னிக்கு எத்தனை தப்பினான், போன வாரத்தவிட ரெண்டு கூட என்று பேசிக்கொண்டு போவார்கள். விழுந்த அடியை யாரும் எண்ணுவார்கள், நானும் எண்ணியிருக்கிறேன். விழாத அடியை எண்ணுகிறவனை என்னவென்று சொல்வது? இவர்கள் இப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதால்தான் சன்னாசி கெட்டுப்போனான் என்று எனக்குத் தோன்றியது. கோபமும் வந்தது. அதை மறைக்கவில்லை.

கோபத்தைக் காட்டாமல் அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டுப் புத்தி சொன்னேன். உன்னிடம் திறமை இருக்கிறது, ஆனால் பார்க்கிறவனுக்கு அது போய்ச் சேரவில்லை, ரவுண்டுக்கு நான்கு அடியாவது கொடு, இரண்டு அடியாவது வாங்கு என்று நயமாகத்தான் பேசினேன். ஜனங்கள் அடியைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்றேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். பிறகு சொன்னான்.

"அடி பாக்கணும்னா வெள்ளன பெரட்டுக்கு வந்தா போதுமே, கிராணி ஐயா. ஜப்பான்காரன் தெனமும் யாரையாவது அறையுறான். அடி வாங்காம ஒருத்தன் நிக்கிறத ஞாயித்துக்கெழமயாவது பாத்துட்டுப் போகட்டுமே."

எவ்வளவு சாமர்த்தியமான பேச்சு, பாருங்கள். விளையாட்டைப் பற்றிப் பேசினால் இவன் உலகத்தைப் பற்றிப் பேசுகிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சரி போ என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது கண் மூக்கு வைத்துச் சொல்வார்கள். சன்னாசியை அடிப்பது பெரிய வித்தை இல்லை என்று ஜனங்களுக்குக் காட்டுவதற்காக நானே கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். விசிலை மாயாண்டியிடம் கொடுத்தேன். எனக்கு நுணுக்கம் தெரியும், சிரம்பானில் பார்த்தவன். இரண்டு ரவுண்டு அவனை அளந்தேன். மூன்றாவதில் அந்த மணிலாக்காரன் வீசிய அதே வீச்சை, தோளிலிருந்து முழு பலத்தோடு வீசினேன். சன்னாசி இல்லை. நான் ஒரு சுற்றுச் சுற்றி, கயிற்றுக்கு அடியில் போய், நாகூர் கனியின் தட்டில் உட்கார்ந்தேன். தட்டில் மரவள்ளி சூடாக இருந்தது.

எஸ்டேட் முழுவதும் சிரித்தது. பின்வரிசை எழுந்து நின்று சிரித்தது. ஜப்பான்காரன் வந்ததிலிருந்து பல்லைக் காட்டாத நீலாவதி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். சன்னாசி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டு, வேட்டியில் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டான். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் இதற்கும் பட்டியலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பட்டியல் வேண்டும் என்று உத்தரவு வந்ததே ஒன்பது நாள் கழித்துத்தான், தேதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை கட்டைமீசை வந்தான். சயாமுக்குப் பன்னிரண்டு ஆண்கள் வேண்டும், அடுத்த செவ்வாய் லாரி வரும், மூன்று மாதம் வேலை, நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு என்று சொல்லிவிட்டு, பெயர்களை நீயே எழுது என்றான்.

மற்ற எஸ்டேட்டுகளில் இந்தப் பட்டியலை எப்படிப் போட்டார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோழி கொடுத்தவன் பெயர் விடுபடும். வேலை வாங்கும் மண்டோரை முறைத்தவன் பெயர் தவறாமல் சேரும். வேண்டாத சாதிக்காரன் முதலில் ஏறுவான். நான் யாரிடமும் ஒரு முட்டைகூட வாங்கவில்லை. சாதி பார்க்கவில்லை, சொந்தம் பார்க்கவில்லை. என் சித்தப்பா மகனே பன்னிரண்டில் ஒருவன். மனிதர்களை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கு ஒரு நியாயமான அடிப்படை வேண்டும் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஊருக்கு நல்லது ஒன்றாவது மிஞ்ச வேண்டாமா?

முதல் பெயர் தானாகவே வந்தது. சன்னாசி போனால் ஆட்டம் தேறும். ஆனால் பார்க்கிறவன் ரசனை கெட்டுக் கிடந்தால், நாளைக்கு இன்னொரு சன்னாசி வருவான். வேரோடு எடுப்பதுதான் முறை. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ரிங்குக்குள் பார்க்கவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு முன்வரிசையைப் பார்த்தேன். மாயாண்டி வீசினான், சன்னாசி விலகினான், யார் யார் 'ஸ்' என்று மூச்சை இழுத்தார்களோ அவர்களைக் குறித்துக்கொண்டேன். பெண்களை விட்டுவிட்டேன். சரியாகப் பதினொரு பேர் தேறினார்கள். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கணக்கு அப்படி நேராக வந்தபோது, செய்வது சரிதான் என்று எனக்கு ஒரு திருப்தி உண்டானது.

ஒரே ஒரு பிழை நடந்தது. சந்திரன் என்பவன் மூச்சை இழுத்தது ஆட்டத்துக்காக இல்லை, அவனுக்கு ஈளை நோய் இருந்தது. லாரி போன பிறகுதான் அவன் அம்மா வந்து சொன்னாள். அவனுக்குக் குத்துச்சண்டையே பிடிக்காதாம், வெயிலுக்குக் களத்துப் பக்கம் இருந்த மரத்தடியில் உட்கார வந்தவனாம். இந்த ஒரு பெயருக்காக நான் வருந்துகிறேன். மற்ற பத்துப் பேரும் சரியானவர்கள்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது பெரட்டில் பெயர்களை நானே படித்தேன். நல்லசாமியின் பெயரைப் படித்தபோது அவனுடைய நான்கு பிள்ளைகளும் காலைக் கட்டிக்கொண்டன. என் சித்தப்பா மகன், அண்ணே, விளையாடுறீங்களா என்று கேட்டான். இல்லை என்றேன். சன்னாசி என் முகத்தைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த பால்வெட்டுக் கத்தியைச் சட்டையில் துடைத்து, பக்கத்தில் நின்ற அவன் மனைவி பஞ்சாலையிடம் கொடுத்துவிட்டு லாரியில் ஏறினான். லாரி கிளம்பியதும் மாயாண்டி அதன் பின்னாலேயே கேட் வரைக்கும் ஓடினான். அவன் எதற்கு ஓடினான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஏழு வாரம் தோற்றவன் சந்தோஷப்பட வேண்டாமா?

பஞ்சாலை ஆபீஸ் வாசலுக்கு வந்து, எப்போது திரும்பி வருவார் என்று கேட்டாள். மூன்று மாதம் என்றேன். ஜப்பான்காரன் சொன்னதைத்தான் சொன்னேன். ஆனால் வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்க வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். மூன்று மாதம் என்பதை நான் நம்பவில்லை. பக்கத்து எஸ்டேட்டிலிருந்து முன்னமே போன ஒருவன் தப்பி வந்து, அங்கே வாந்திபேதியில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்று சொல்லியிருந்தான். பட்டியல் எழுத உட்காருவதற்குப் பத்து நாள் முன்னால் அது என் காதுக்கு வந்துவிட்டது.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது நீலாவதி கேட்டாள்.

"என்னங்க, பன்னெண்டு பேரையும் நீங்கதான் பொறுக்குனீங்களா?"

ஆமாம், ஒரு முட்டைகூட வாங்கவில்லை என்றேன். அவள் கிழங்குத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை களத்துக்கு அவள் வரவில்லை. தலையணைக் கோபமாக இருக்கலாம்.

அதற்கடுத்த ஞாயிறு முதல் சரியான குத்துச்சண்டை நடக்கும் என்று நினைத்தேன். மாயாண்டிக்கு எதிராகக் காடு வெட்டும் கும்பலிலிருந்து ஒரு முரடனை இறக்கினேன். மணி அடித்தேன். மாயாண்டி ஒரே ஒரு அடி அடித்தான். முரடன் விழுந்து, சாயங்காலம் வரைக்கும் தன் பெயர் என்னவென்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தான். ஆட்டம் பதினோரு விநாடி. நாகூர் கனி அப்போதுதான் சைக்கிளை நிறுத்தித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தான். அடுத்த வாரமும் இதே கதைதான். மூன்றாவது வாரம் மாயாண்டி கையுறையைக் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்துவிட்டான். பயமா என்று கேட்டேன்.

"சன்னாசி மேல படாதுன்னு தெரிஞ்சுதானே நான் அம்புட்டு வேகமா அடிச்சேன், ஐயா" என்றான். "இவனுங்கள அப்படி அடிச்சா செத்துப் போயிடுவானுங்கலா. எனக்கு அந்தப் பாவம் வேணாம்."

பாவம் புண்ணியம் பார்க்கிறவன் எதற்கு ரிங்கில் இறங்க வேண்டும்? இவ்வளவு நாள் அவனைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் தப்பு என்று அன்றைக்குத் தெரிந்தது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

வேறு ஆட்களை வைத்து நடத்தினேன். அடி விழுந்தது, ரத்தமும் வந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை. அந்த வருடம் மழை அதிகம் என்பது என் கருத்து. கட்டைமீசை இரண்டு மாதம் கழித்து சிரம்பானிலிருந்து தன்னைவிடப் பெரிய அதிகாரி ஒருவனையும் கூட்டிக்கொண்டு வந்தான். நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கட்டைமீசை களத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, அடிபடாத அந்த மனிதன் எங்கே, அவனைக் காட்டத்தான் இவரை அழைத்து வந்தேன் என்றான். வாரா வாரம் அவனுக்காகத்தான் வந்தானாம். சயாமுக்குப் போய்விட்டான், நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பணிவாகச் சொன்னேன். எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தான். இரண்டாவது அறையும் அதே கன்னத்தில் விழுந்தது. விலகியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அப்படி விலகுவதை நான் விளையாட்டாகவே மதிப்பதில்லை. அதோடு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நின்றுவிட்டது. பந்தியில் இருந்தவனை எழுப்பிவிட்டு, சாப்பிட ஆள் இல்லையே என்று தேடினானாம் என்று நாகூர் கனி என் காதுபடவே யாரிடமோ சொல்லிச் சிரித்தான். வியாபாரி பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

பிறகு யுத்தம் முடிந்தது. சயாமிலிருந்து ஆட்கள் ஒருவர் இருவராகத் திரும்புவதாகச் செய்தி வந்தது. பஞ்சாலையும், நல்லசாமியின் மனைவியும், சந்திரனின் அம்மாவும், மற்ற வீட்டுப் பெண்களும் கேட் பக்கம் போய் நிற்க ஆரம்பித்தார்கள். இரண்டு மாதம் நின்றார்கள். போன மாதம் ஒரு காலையில் சன்னாசி வந்தான். முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இரண்டு காலிலும் புண், கையில் கம்பு ஊன்றி நடந்தான். பஞ்சாலைதான் முதலில் பார்த்து ஓடினாள். மற்ற பெண்கள் அவனுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார்கள். அவன் அவர்களுக்கு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். அதற்கப்புறம் எழுந்த அழுகை ஆபீசுக்குள் இருந்த எனக்கே கேட்டது.

நான் ஒளிந்துகொள்ளவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நானே பெரட்டுக் களத்துக்கு இறங்கிப் போனேன். எஸ்டேட்டே அங்கே கூடிவிட்டது, மாயாண்டி ஒரு பக்கம், நீலாவதி ஒரு பக்கம். சன்னாசி பஞ்சாலையை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தான். அரை அடி தூரத்தில் நின்றான். மூன்று வருடம் கழித்து அவன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். கண் மட்டும் பழைய கண்.

"என் பேர எழுதுனது சரி, கிராணி ஐயா. ஒங்களுக்கு என்ன புடிக்கல, அது எனக்குத் தெரியும்" என்றான். "அந்தப் பதினோரு பேரு என்ன பண்ணாங்க?"

நான் பொய் சொல்லவில்லை.

"உன் ஆட்டத்த ரசிச்சாங்க" என்றேன்.

அவன் ஒவ்வொரு பெயராகச் சொன்னான். நான் படித்த அதே வரிசையில், நல்லசாமி, என் சித்தப்பா மகன், சந்திரன் என்று. ஒவ்வொருவனும் எந்த இடத்தில், எந்த நோயில், யார் மடியில் செத்தான் என்று சொன்னான். ஏழு பேர் அவன் மடியில். அந்தப் பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். சொல்லி முடித்ததும் கம்பைக் கீழே போட்டான். வலது கை மெதுவாக மேலே வந்தது.

நான் தடுக்கவில்லை, ஐயா. இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கூடக் கொடுத்தேன். அடிடா என்று மெல்லச் சொன்னேன். அது அவனுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அவன் கை என் காதுக்குப் பக்கத்தில் வந்து அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கியது. குனிந்து கம்பை எடுத்துக்கொண்டு, பஞ்சாலையின் தோளைப் பிடித்தபடி லயத்து வீட்டுக்கு நடந்து போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. ஜனங்களும் ஒவ்வொருவராகக் கலைந்துபோனார்கள். களத்தில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

பட்டியலை எழுதியது நான்தான். கட்டாயத்தின் பேரில் எழுதவில்லை. யாரும் எந்தப் பெயரையும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சாவார்கள் என்று தெரிந்துதான் எழுதினேன். குத்துச்சண்டை நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் எனக்குக் கிடையாது. அன்று முதல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஒரு ஆட்டம் முடிவில்லாமல் பாதியில் நிற்பதால் என்று நினைக்கிறேன். எதிராளி கையைத் தொங்கவிட்டு நிற்கிறான், நடுவர் இல்லை, ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, அப்போதும் அவனுக்கு அடிக்க வரவில்லை. இந்த மாதிரி ஆளை வைத்துக்கொண்டு விளையாட்டு எப்படி வளரும் என்று நீங்களே சொல்லுங்கள்.

மற்ற பதினொரு பேரில் ஒருவன் திரும்பி வந்திருந்தாலும் என்னை அடித்திருப்பான்.